ஒரு பட்டாணி சுருங்கிய கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலைப் படிக்காமல் நம்மில் யாரும் தப்பித்திருக்க முடியாது. உருண்டைப் பட்டாணி, சுருங்கிய பட்டாணி, 3:1. நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன்தான். அதோடு காமர்ஸ் பக்கம் ஒதுங்கிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்போது தோன்றவே இல்லை. அந்தப் பட்டாணி ஏன் சுருங்குகிறது?

மெண்டல் கட்டுரை வெளியிட்டு 124 வருடம் கழித்துத்தான் இதற்கு முழு பதில் கிடைத்தது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கதைதான் இது.

கிரிகோர் மெண்டல் 1822-ல், இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1843-ல் ப்ரூன் நகரத்து மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். (ஊரின் இன்றைய பெயர் ப்ர்னோ.) 1850-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி ஃபெயில். 1856-ல் மறுபடி முயன்றும் தேறவில்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படித்துக்கொள்ளவும் :-)

அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலக்க ஆரம்பித்தார். உருண்டையையும் சுருங்கியதையும் கலந்தால் வந்த விதைகள் எல்லாம் உருண்டை. அவற்றை விதைத்து வளர்ந்த 253 செடிகளில் கிடைத்த விதைகளை எண்ணினார். மொத்தம் 7,324. அதில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. வகுத்துப் பாருங்கள், 2.96 வரும். அதுதான் நம் 3:1.

1865-ல் உள்ளூர் சங்கத்தில் பேசினார், 1866-ல் கட்டுரை வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1868-ல் மடத்தின் தலைவரானார். கடைசி வருடங்கள் மடத்தின் மீது அரசாங்கம் போட்ட வரியை எதிர்த்துப் போராடுவதிலேயே போயின. 1884-ல் இறந்தார். 1900-ல்தான் டி வ்ரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்ற மூவர் வழியாக அந்தக் கட்டுரை வெளிச்சத்துக்கு வந்தது.

பிறகு ஆடிட்டர் வந்தார்! 1936-ல் ஆர். ஏ. ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதை மெண்டலின் எண்களைச் சோதித்து, "இவை நம்ப முடியாத அளவுக்குப் பொருந்துகின்றன" என்ற பொருளில் சந்தேகம் கிளப்பினார். சரி பார்க்கலாம் என்றால், மெண்டலின் சொந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை அவர் இறந்த பிறகு எரிக்கப்பட்டுவிட்டன. அதாவது டே புக் இல்லை, மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. காமர்ஸ் மாணவனுக்கு இது எவ்வளவு சங்கடமான நிலைமை என்று தெரியும்.

இனி நொதிக்கு வருவோம். பட்டாணிச் செடி சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றி விதையில் சேமிக்கிறது. குளுக்கோஸ் மணிகளை நேராகக் கோத்தால் அமைலோஸ். அதில் கிளைகள் வைத்தால் அமைலோபெக்டின். இந்தக் கிளை வைக்கும் நொதி, சங்கிலியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டுகிறது. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதால் இது டிரான்ஸ்ஃபரேஸ் வகை. நம் பாஷையில் சொன்னால் ஒரு ஜர்னல் என்ட்ரி. இங்கே பற்று, அங்கே வரவு, மொத்தம் மாறாது.

ஆனால் கிளை கூடினால் நுனி கூடும். புது குளுக்கோஸ் வந்து சேர்வது நுனிகளில்தான். இந்த நொதி இல்லாவிட்டால் நுனிகள் குறைந்து, மாவுச்சத்து சேர்வது மந்தமாகி, சர்க்கரை தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை தண்ணீரை இழுக்க, பச்சை விதை உப்புகிறது. காயும்போது அந்தத் தண்ணீர் போய்விடுகிறது. உள்ளே சுருங்க, விரிந்த தோல் மடிந்துபோகிறது. இவ்வளவுதான் சுருக்கம்!

1990-ல் இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் நிறுவனத்தில் மதன் பட்டாச்சார்யா, ஆலிசன் ஸ்மித், கேத்தி மார்ட்டின் முதலானோர் இதற்கான மரபணுவைப் பிடித்தார்கள். சுருங்கிய வகையில் அந்த மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருந்தன. அதனால் சரியான நொதி உருவாகவில்லை. மெண்டல் பார்த்த சுருக்கத்துக்கும் இதுவே காரணம் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. உருண்டை ஏன் ஜெயிக்கிறது என்பதும் இதில் புரிந்துவிடுகிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே விதையை உருண்டையாக்கப் போதுமான நொதி கிடைத்துவிடும்.

ஃபிஷரின் சந்தேகத்தை இந்த நொதி தீர்த்துவிட்டதா? இல்லை. 5,474 என்று சரியாக எண்ணினாரா என்பதற்கு இது சாட்சி சொல்லாது. ஆனால் அவர் எழுதிய தலைப்புகள் கற்பனை இல்லை, அவற்றுக்குப் பின்னால் ஒரு நிஜமான பொருள் இருந்தது என்பதற்கு வவுச்சர் கிடைத்துவிட்டது. அவர் இறந்து 106 வருடம் கழித்து.

கடைசியாக ஒன்று. பாடப்புத்தகத்தில் "ஒடுங்கு பண்பு" என்று சோகமாக நிற்கும் அந்தச் சுருங்கிய பட்டாணியில்தான் சர்க்கரை அதிகம். ஃப்ரீசரில் வைத்து விற்கும் இனிப்பான பச்சைப் பட்டாணி பெரும்பாலும் இந்த வகைதான். காயாமல் பறித்துவிடுவதால் அதன் சுருக்கத்தை நாம் பார்ப்பதில்லை. தேர்வில் இதற்கு மார்க் கிடையாது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் :-)