இந்திய - பாகிஸ்தான் இணையப் போர்

இந்திய - பாகிஸ்தான் இணையப் போர் என்பது இவ்விரு அண்டை நாடுகளின் அரசு, இராணுவ, தனியார் கணினிகள் மீது 1990களின் இறுதியிலிருந்து இருபுறமும் நிகழ்த்தப்பட்டுவரும் தாக்குதல்களைக் குறிக்கும். இது அறிவிக்கப்பட்ட போர் அன்று. தன்னார்வக் கொந்தர் (ஹேக்கர்) குழுக்களும், அரசு ஆதரவு பெற்றவை எனக் கருதப்படும் உளவுக் குழுக்களும் இதில் ஈடுபடுகின்றன.

அரசியல் பின்னணி

1947ஆம் ஆண்டுப் பிரிவினையும் காஷ்மீர்ப் பிணக்கும் இம்மோதலின் வேர்களாகும். 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. 1999இல் கார்கில் போர் மூண்டது. இவ்விரு நாடுகளிலும் இணையம் பரவத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. அதனால் எல்லைப் பகை இணையத்திலும் எதிரொலித்தது. எல்லையில் பதற்றம் கூடும்போதும், விடுதலை நாள் போன்ற நினைவு நாட்களிலும் தாக்குதல்கள் பெருகுவது வழக்கம்.

முக்கிய நிகழ்வுகள்

* 1998: காஷ்மீர் குறித்த இந்திய இராணுவத்தின் இணையத்தளம் சிதைக்கப்பட்டது.
* 2010: மும்பைத் தாக்குதலின் இரண்டாம் நினைவு நாளையொட்டி 'இந்தியன் சைபர் ஆர்மி' என்ற குழு பாகிஸ்தான் அரசுத் தளங்கள் பலவற்றைச் சிதைத்தது. சில நாட்களில் 'பாகிஸ்தான் சைபர் ஆர்மி' என்ற குழு இந்திய நடுவண் புலனாய்வுச் செயலகத்தின் (சிபிஐ) தளத்தைச் சிதைத்தது.
* 2025: பகல்காம் தாக்குதலுக்குப் பின் சுமார் 15 இலட்சம் இணையத் தாக்குதல்கள் நடந்ததாகவும், அவற்றுள் 150 மட்டுமே வெற்றி பெற்றதாகவும் மகாராஷ்டிரக் காவல்துறையின் இணையப் பிரிவு தெரிவித்தது.

தாக்குதல் முறைகள்

முகப்புப் பக்கத்தை அழித்து முழக்கங்களை இடுதல் எளிய முறையாகும். இதனால் அவமானம் மிகுதி, இழப்பு குறைவு. போலி வேண்டுகோள்களைக் குவித்து வழங்கியை முடக்குதல் மற்றொரு முறை. அலுவலக மடல் போலத் தோன்றும் மின்னஞ்சல் வழியே தீநிரலைப் புகுத்தி ஆவணங்களைத் திருடுதலே மிகவும் ஆபத்தானது. இது பல மாதங்கள் வெளியில் தெரியாமலே நடைபெறக்கூடும்.

பொறுப்பைக் கண்டறிதல்

தாக்கியவர் யார் என்பதை உறுதிசெய்வது கடினம். 2019இல் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலையமைப்பில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவதால் பாதிக்கப்படவில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. அத்தீநிரலை வல்லுநர்கள் பாகிஸ்தானோடு அன்றி, வட கொரியாவோடு தொடர்புபடுத்தினர். அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகளுக்கிடையே இத்தகைய நிகழ்வில் தவறான ஊகம் பெரும் விளைவை ஏற்படுத்தக்கூடும்.

சட்டங்களும் உடன்பாடுகளும்

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 66எஃப் பிரிவு, இணையப் பயங்கரவாதத்திற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்கிறது. பாகிஸ்தான் 2016இல் மின்னணுக் குற்றத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என இரு நாடுகளும் 1988இல் உடன்பாடு செய்துகொண்டன. எனினும், இணையம் பரவும் முன் எழுதப்பட்ட அவ்வுடன்பாடு கணினி வழித் தாக்குதலைப் பெயர் சுட்டிக் குறிப்பிடவில்லை.