டோர்ட் மாமன்றம் (1618–1619): முன்குறித்தலும் இரட்சிப்பின் நிச்சயமும்

டோர்ட் மாமன்றம் என்பது நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் 1618 நவம்பர் 13 முதல் 1619 மே வரை நடைபெற்ற சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டம் ஆகும். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்னரே தீர்மானித்துவிட்டார் என்னும் 'முன்குறித்தல்' கோட்பாடு பற்றிய வாதமாகவே இது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அந்த வாதத்தின் அடியில் இருந்தது, "நான் இரட்சிக்கப்பட்டேன் என்று எப்படி உறுதியாக அறிவது?" என்னும் எளிய விசுவாசியின் கேள்வியே.

பின்னணி

5ஆம் நூற்றாண்டில் பெலாகியுவை மறுத்து எழுதிய அகுஸ்தீன், இரட்சிப்பு முழுவதும் கடவுளின் கிருபையால் வருவது என்று வலியுறுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் லூத்தரும் கால்வினும் இதை மீண்டும் எடுத்துரைத்தனர். கிறிஸ்துவின் வாக்குறுதியைப் பற்றிக்கொள்ளும் விசுவாசி நிச்சயத்துடன் வாழலாம் என்பது அவர்கள் போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமோ, கடவுளின் சிறப்பு வெளிப்பாடு இன்றி ஒருவர் தாம் தெரிந்துகொள்ளப்பட்டவர் என ஐயமற அறிய முடியாது என 1547இல் அறிவித்தது.

லெய்டனில் எழுந்த சர்ச்சை

யாக்கோபு அர்மினியு (1560–1609) ஜெனீவாவில், கால்வினின் வாரிசான பேசாவிடம் கற்றவர். 1603இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். யார் விசுவாசிப்பார் என்பதைக் கடவுள் முன்னறிந்தே தெரிந்துகொள்கிறார் என்று அவர் கருதினார். நிபந்தனையற்ற முன்குறித்தலைப் போதித்தால் சிலர் அவநம்பிக்கையில் மூழ்குவர், சிலர் அலட்சியத்தில் உறங்குவர் என்பது அவர் கவலை. சக பேராசிரியரான கோமாரு இதை எதிர்த்தார். தெரிந்துகொள்ளுதல் மனிதரின் விசுவாசத்தைப் பொறுத்தது என்றால், தள்ளாடும் விசுவாசிக்கு ஊன்றி நிற்க என்ன இருக்கிறது என்று கோமாருவின் தரப்பினர் கேட்டனர். இரு தரப்பினரும் விசுவாசியின் மன நலனுக்காகவே வாதாடினர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அர்மினியு இறந்தபின், 1610இல் அவரது ஆதரவாளர்கள் ஐந்து கூறுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை அளித்தனர். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை மனிதர் எதிர்க்கக்கூடும் என்பன அவற்றுள் அடங்கும். ஐந்தாம் கூறு, விசுவாசி கிருபையிலிருந்து விழக்கூடுமா என்பதை வேதத்திலிருந்து மேலும் ஆராய வேண்டும் என்று திறந்தே விட்டது.

மாமன்றத்தின் தீர்ப்பு

பிரிட்டன், ஜெனீவா, சுவிஸ் நகரங்கள், ஜெர்மன் பகுதிகள் ஆகியவற்றிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தனர். அர்மினியு தரப்புக்கு எபிஸ்கோப்பியு தலைமை தாங்கினார். விசாரணை முறை குறித்தே தகராறு முற்றியதால், 1619 ஜனவரியில் தலைவர் போகர்மன் அவர்களை வெளியேற்றினார். பின்னர் அவர்களது கருத்துகள் நிராகரிக்கப்பட்டன.

தெரிந்துகொள்ளப்பட்டவரைக் கடவுள் இறுதிவரை காப்பார், அதை அவர்கள் நிச்சயமாக அறியலாம் என மாமன்றம் தீர்மானித்தது. கடவுளின் வாக்குறுதி, ஆவியானவரின் சாட்சி, நல்மனச்சாட்சியையும் நற்செயல்களையும் நாடும் வாழ்வு ஆகியவற்றிலிருந்தே அந்த நிச்சயம் பிறக்கும். கடவுளின் மறைபொருள்களைத் துருவி ஆராய்வதால் அது கிடைக்காது. விசுவாசிகளுக்கும் ஐயங்கள் எழும், அந்த நிச்சயத்தை அவர்கள் எப்போதும் உணர்வதில்லை என்பதையும் மாமன்றம் ஒப்புக்கொண்டது.

விளைவுகள்

ஆறுதலைப் பற்றிய இந்த வாதத்தில் அரசியலும் கலந்திருந்தது. ஹாலந்து மாகாணத்தின் மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அர்மினியு தரப்பைக் காத்தார். படைத்தலைவர் மௌரீஸ் இளவரசர் மறுதரப்பில் நின்றார். 1619 மே 13 அன்று, 71 வயதான ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் தலை துண்டிக்கப்பட்டார். சட்ட அறிஞர் குரோட்டியு ஆயுள் சிறை பெற்று, 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தனர். 1625இல் மௌரீஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்தது. 1634இல் அர்மினியு தரப்பினர் ஆம்ஸ்டர்டாமில் இறையியல் கல்லூரி தொடங்கினர்.

பிற்காலத் தாக்கம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதே கேள்வி ஜான் வெஸ்லியையும் ஜார்ஜ் விட்ஃபீல்டையும் பிரித்தது. வெஸ்லி அர்மினியுவின் பக்கம் நின்றார். ஆயினும் பாவமன்னிப்பின் நிச்சயத்தை இப்போதே அடையலாம் என்று அவரும் போதித்தார். இரு மரபுகளும் இலங்கையை அடைந்தன: 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர் சீர்திருத்தச் சபையைக் கொண்டுவந்தனர், 1814இல் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தர் வந்தனர். டோர்டில் எதிரெதிராக நின்ற இரு கருத்துகளும் இன்று வெவ்வேறு சபைகளில் அமைதியாகப் போதிக்கப்படுகின்றன.