பரிசோதகர் வராத கரை

புத்தளம் மாவட்டத்திலே சிலாபத்துக்கு வடக்கே உள்ள உடப்பு கரைவலைக்குப் பேர்போன ஊர். அவ்வூரின் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பை அறிந்தோர் அநேகர். அம்பாப் பாட்டை அறிந்தோரும் குறைவல்லர். வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று ஆட்கள் இழுக்கையில், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவது அம்பா. களைப்புத் தெரியாமலிருக்கப் பாடுவது என்றுதான் பெரும்பாலும் அதைப்பற்றிச் சொல்லப்படுகிறது. எனக்கென்னவோ அந்த விளக்கம் அரைகுறையாகவே படுகிறது. இழுவையின் வேகத்தை ஆளுவதும் அந்தப் பாட்டுத்தான். முன்னே நிற்பவர் கால் இடறினால் பாட்டு தடுமாறும். பாட்டு தடுமாறினால் கயிறும் நிற்கும்.

அண்மைக் காலத்தில் இலங்கையின் பல கரைகளிலே உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் அந்தக் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. சுழலும் உருளையில் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். அவர் நிற்கும் இடத்துக்கும் உருளைக்கும் இடையில் அதிக தூரமில்லை. ஈரக் கயிறு, மணல், உப்புநீர், தளர்ந்த சாரம். கயிற்றோடு விரலோ துணியோ போய்விட்டால் கணப்பொழுதில் ஆளையே இழுத்துவிடும். அலறலைக் கேட்டு நிற்பதற்கு உருளைக்குக் காதில்லை. உழவு இயந்திரத்தின் இருக்கையில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுழலும் இரும்புக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் நீராவி இயந்திரத்தின் சக்தியைத் தறிகளுக்குக் கொண்டு சென்றவை நீண்ட இரும்புத் தண்டுகள். அவற்றில் பாவாடையும் கூந்தலும் சிக்கிச் சிதைந்த பெண்களும் சிறுமியரும் எத்தனையோ பேர். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதற்கும் நான்கு பரிசோதகர்களே நியமிக்கப்பட்டனர். சிறுவர்களின் வேலை நேரத்தைக் கவனிப்பதே அவர்களது முதற்கடமை; இயந்திரத்துக்கு வேலி போடச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. 1840இல் ஸ்டொக்போர்ட் நகர ஆலையொன்றில் தண்டில் உடை சிக்கி ஊனமுற்ற இளம்பெண்ணொருத்தியின் சார்பில், ஆஷ்லி பிரபு வழக்குக்கு ஆதரவளித்து 100 பவுண் நட்டஈடு பெற்றுக்கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுவதையும் விபத்துக்களை அறிவிப்பதையும் கட்டாயமாக்கியது.

அதன் பின்னர் நடந்ததுதான் சுவையானது, கசப்பானதுங்கூட. தரையிலிருந்து ஏழு அடிக்கு மேலே ஓடும் தண்டுக்கு வேலி தேவையா என்ற வாதம் கிளம்பியது. அவ்வளவு உயரத்தில் யாருக்கு என்ன நேரும் என்றனர் முதலாளிகள். பட்டியை மாட்டவும் சுத்தம் செய்யவும் ஏணியில் ஏறுபவர்கள் இறந்துகொண்டே இருந்தனர். லெனார்ட் ஹோர்னர் முதலான பரிசோதகர்கள், எந்த உயரமாயினும் வேலி வேண்டும் என்று 1854இல் சுற்றறிக்கை விட்டனர். மறு ஆண்டே ஆலை முதலாளிகள் மன்செஸ்டரில் ஒரு சங்கம் அமைத்தனர். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வாரப் பத்திரிகை அச்சங்கத்தை இரக்கமின்றிக் கேலி செய்தது. ஆனால் வென்றது சங்கமே. 1856இல் வந்த திருத்தம் வேலியிடும் கடமையைத் தளர்த்தியது. எழுத்தாளரின் பேனா கூர்மையாயிருந்தும் பாராளுமன்றத்தில் அது செல்லவில்லை என்பதை எழுதுகின்ற நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இலங்கைக்கு வருவோம். 1896ஆம் ஆண்டின் சுரங்கங்கள், இயந்திரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இத்துறையில் இங்கு முன்னோடி. காரீயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலம் அது. அதன்பின் 1942இல் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் அதில் வெளிப்படை. சுழலும் பாகங்களுக்கு வேலி, கொதிகலன்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் காலந்தோறும் பரிசோதனை, மரணம் நேர்ந்தால் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவித்தல் எல்லாம் அதில் இருந்தன. நடைமுறைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1950 ஜனவரி முதலாந் திகதி. எழுதிய சட்டம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது.

அந்தச் சட்டம் காப்பது "தொழிற்சாலை" என்ற சொல்லுக்குள் அடங்குவதை மட்டுமே. பொருளொன்றை ஆக்கும், மாற்றும், பழுதுபார்க்கும் இடமே தொழிற்சாலை. மீனுக்கு ஐஸ் கட்டி செய்யும் ஆலை அதில் அடங்கும். மீனைக் கரையேற்றும் மணல்வெளி அடங்காது. அங்கே சுழல்வதும் ஆளைக் கொல்லக்கூடிய உருளைதான், ஆனால் சுற்றிலும் சுவரில்லை. நட்டஈட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஒரு தொழில்தருநரையும் அவரிடம் வேலை செய்பவரையும் எதிர்பார்க்கிறது. கரைவலையிலோ சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுப்போருக்கு ஒரு பங்கு. பங்காளி என்று சொல்லிவிட்டால், விதவைக்கு யார் பதில் சொல்வது?

சுவருக்குள்ளே இருந்தோரும் தப்பிவிடவில்லை என்பது வேறு கதை. 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லபிட்டிய றப்பர் தொழிற்சாலையின் தாங்கியொன்றில் ஐவர் மாண்டனர். விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் அவர்களுள் அடங்குவர். கடலுக்கு அப்பால் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் திகதி ஒரு கொதிகலன் வெடித்து உயிர்கள் போயின. அதே நிலையத்தின் வேறொரு கொதிகலன் ஜூலை முதலாந் திகதி வெடித்தது. அன்றே ஆறு பேர் இறந்தனர். சிகிச்சை பெற்றுவந்த வேறு பலர் பின்னர் இறந்தனர். அதன் பிறகே 210 மெகாவாட் அலகுகள் நான்கும் நிறுத்தப்பட்டுப் பாதுகாப்புப் பரிசோதனை நடந்தது. முதல் வெடிப்புக்கும் இரண்டாம் வெடிப்புக்கும் இடையில் ஐம்பத்தைந்து நாட்கள்.

ஆனாலும் அங்கே பரிசோதனை என்று ஒன்று நடந்தது. அலகுகளை நிறுத்தினர், விசாரணைக் குழு வந்தது, ஏடுகள் எழுதின. கரையிலே ஒருவர் உருளையில் சிக்கி இறந்தால் பொலிஸார் வருவர், மரண விசாரணை நடக்கும், அத்தோடு சரி. வின்ச் பற்றிய வாதங்கள் நாட்டில் நடக்காமலில்லை. கடலடி பாழாகிறதா, மீன்குஞ்சு அழிகிறதா, இழுக்கும் தொழிலாளர் வேலை இழக்கின்றனரா என்றெல்லாம் அமைச்சர்களும் மீனவர் சங்கங்களும் மோதிக்கொண்டனர். நியாயமான கேள்விகளே. கயிற்றைப் பிடித்து நிற்பவரின் கை பற்றிய கேள்வி அவற்றுள் என் கண்ணில் படவில்லை. உருளையைச் சுற்றி ஓர் இரும்புக் கூடு, நிற்பவரின் கை எட்டும் தூரத்தில் இயந்திரத்தை நிறுத்தும் விசை, இரண்டையும் ஊர்ப் பட்டறைக்காரரே செய்துவிடுவார்.

1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தின்படி திணைக்கள அதிகாரி கரைக்கு வரத்தான் செய்கிறார். அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கிறார், வலையைப் பார்க்கிறார். உருளையைப் பார்ப்பது அவர் வேலையல்ல.