திரையின் உறக்கம்: லினக்ஸ் மேசைக் கணினியின் கோளாறொன்று பற்றிய வரலாற்று நோக்கு

மேசைக் கணினியொன்றைப் பயன்படுத்துபவர் சிறிது நேரம் எழுந்து சென்றால் அதன் திரை தானாக இருண்டு உறங்க வேண்டும். அவர் திரும்பி வந்து விசையொன்றைத் தொட்டதும் விழிக்க வேண்டும். மிக எளிய எதிர்பார்ப்பு இது. ஆயினும் லினக்ஸ் இயக்கமுறைமையைக் கொண்ட கணினிகளில் இவ்வெதிர்பார்ப்பு மூவகையாகப் பொய்த்துப்போவதுண்டு. சில வேளைகளில் திரை உறங்குவதேயில்லை. சில வேளைகளில் உறங்கிய மறுகணமே விழித்துக்கொள்கின்றது. வேறு சில வேளைகளில் உறங்கிய திரை மீண்டும் எழுவதேயில்லை. மூன்றாவது வகைக் கோளாறே பெருங்கேடு விளைவிப்பது. கணினியின் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்க, திரை மட்டும் இருண்டு கிடக்கும். கணினியே செயலிழந்துவிட்டதெனக் கருதி மின்னிணைப்பைத் துண்டிப்பவர் சேமியாத எழுத்தையெல்லாம் இழந்துவிடுகின்றார்.

இக்கோளாறுகளுக்குப் பயன்படுத்துவோரின் அறியாமையே காரணம் என்பாருமுளர். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளின் தரக்குறைவே காரணம் என்பாருமுளர். இவ்விரு விளக்கங்களும் வரலாற்றைக் கணக்கிற் கொள்ளாதவை. திரையை உறங்கவைக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு அமைப்பினர் ஆக்கிய ஏற்பாடுகள் ஒன்றன்மேலொன்றாகப் படிந்துள்ளன. புதியது வந்தபோது பழையது முற்றாக அகற்றப்படவில்லை. இப்படிவுகளின் வரலாற்றை அறிவதே கோளாற்றின் இருப்பிடத்தைக் கண்டறிவதற்குரிய வழியென்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையைக் காத்தல்

தொடக்கத்தில் திரையை இருளாக்கியதன் நோக்கம் மின்சக்தியைச் சேமிப்பதன்று, திரையைக் காப்பதேயாகும். கதோட்டுக் கதிர்க் குழாயைக் கொண்ட திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் அசையாது நின்றால், உட்புறத்து ஒளிர்பூச்சு அவ்விடத்தில் தேய்வுறும். பின்னர் வேறு உருவம் தோன்றும்போதும் பழைய உருவத்தின் சுவடு புலப்படும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு ஜோன் சோச்சா என்பவர் எழுதிய சிறு நிரலொன்று 1983 டிசெம்பரில் ‘சொஃப்டோக்’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. மூன்று நிமிடங்கள் விசைப்பலகை தொடப்படாவிடின் அது ஐ.பி.எம். தனியாள் கணினியின் திரையை இருளாக்கியது.

அடுத்த ஆண்டில், அதாவது 1984இல், ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ‘எக்ஸ்’ எனும் சாளர முறைமை தோற்றம் பெற்றது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் லினக்ஸ் மேசைக் கணினிகள் பெரும்பாலும் இதனையே தமது வரைகலைக்கு அடித்தளமாகக் கொண்டன. இப்பதிப்பின் நெறிமுறையிலேயே திரைகாப்புக்கான கடிகாரமொன்று இடம்பெற்றிருந்தது. இப்போது வழங்கும் எக்ஸ் சேவையகத்தில் அதன் இயல்பான அளவு 600 செக்கன்கள், அதாவது பத்து நிமிடங்கள். இக்கடிகாரம் திரையில் கருமையைத் தீட்டுவதற்கென ஏற்பட்டதேயன்றித் திரையின் மின்சாரத்தைக் குறைப்பதற்கென ஏற்பட்டதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இருண்ட திரையும் உறங்கும் திரையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராமையே பல குழப்பங்களுக்குத் தோற்றுவாயாகும்.

மின்சக்தியும் அரசின் கொள்வனவும்

1990களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. அலுவலகங்களில் கணினிகள் பெருகின. ஆளில்லாத மேசைகளிலும் அவை இரவு பகலாக மின்சாரத்தை உண்டன. ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1992இல் ‘எனர்ஜி ஸ்ரார்’ எனும் திட்டத்தைத் தொடங்கியது. முதன்முதலில் அதன் முத்திரையைப் பெற்ற பொருட்கள் கணினிகளும் அவற்றின் திரைகளுமேயாம். பயன்பாடற்றிருக்கும் வேளையில் திரையின் நுகர்வு 30 வாற்றுக்கு மேற்படலாகாது என்பது அன்றைய நிபந்தனை. உற்பத்தியாளர் விரும்பினால் மாத்திரம் பின்பற்றத்தக்கதாயிருந்த இத்திட்டத்துக்கு வலுவூட்டியது அரசின் கொள்வனவாகும். கூட்டாட்சி அரசின் நிறுவனங்கள் இம்முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டுமென 1993 ஏப்ரலில் சனாதிபதி கிளின்ரன் ஆணை பிறப்பித்தார். பெரும் வாடிக்கையாளரை இழக்க விரும்பாத உற்பத்தியாளர் பொதுவான நியமமொன்றை வேண்டி நின்றனர்.

அத்தேவையை நிறைவுசெய்தது ‘வேசா’ எனப்படும் காணொளி இலத்திரனியல் நியமச் சங்கம். அச்சங்கம் 1993இல் வெளியிட்ட ‘டி.பி.எம்.எஸ்.’ நியமம் எளிமையானது. திரைக்கு ஏற்கெனவே சென்றுகொண்டிருந்த இரு ஒத்தியக்கச் சமிக்ஞைகளையே அது பயன்படுத்தியது. கிடைச் சமிக்ஞையும் நிலைக்குத்துச் சமிக்ஞையும் வந்துகொண்டிருந்தால் திரை விழித்திருக்கும். கிடைச் சமிக்ஞை மட்டும் நின்றால் காத்திருப்பு நிலை. நிலைக்குத்துச் சமிக்ஞை மட்டும் நின்றால் இடைநிறுத்த நிலை. இரண்டும் நின்றால் அணைந்த நிலை. புதிய வடமோ புதிய கம்பியோ வேண்டியிருக்கவில்லை.

இந்நியமத்தை எக்ஸ் முறைமையில் இணைக்கும் விரிவு 1996இல், டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்தைச் சார்ந்தோரின் முயற்சியால் உருவாயிற்று. இதன் பயனாக எக்ஸ் முறைமைக்குள் இரு கடிகாரங்கள் அருகருகே இயங்கலாயின. ஒன்று திரையைக் காப்பது. மற்றையது மின்சக்தியைக் காப்பது. முன்னதை நிறுத்தியவர் பின்னதையும் நிறுத்திவிட்டதாக எண்ணுவதும், பின்னதை நிறுத்தியவர் திரை இன்னமும் ஏன் இருளுகின்றதென வியப்பதும் இதன் விளைவுகளே.

இதற்கிடையில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25ஆந் திகதி அறிவித்த லினக்ஸ் எனும் கருநிரல் வளர்ந்துவந்தது. அதன் எழுத்து முனையமும் தனக்கெனத் தனிக் கடிகாரமொன்றைக் கொண்டிருந்தது. பத்து நிமிடங்களில் முனையத்தை இருளாக்கும் அவ்வழக்கம், கதோட்டுக் குழாய்த் திரைகள் அருகிப்போய் நெடுங்காலத்தின் பின்னர், 2017இல் வெளியான 4.12ஆம் பதிப்பிலேயே இயல்பமைவிலிருந்து நீக்கப்பட்டது. காரணம் மறைந்த பின்னரும் ஏற்பாடு நிலைத்து நிற்பது சமூக வரலாற்றிற்கு மட்டும் உரிய இயல்பன்று என்பதற்கு இது சான்றாகும்.

மேசைச் சூழல்களும் தடைவேண்டுகோள்களும்

1996இல் கே.டி.ஈ.யும் 1997இல் குனோமும் தொடங்கப்பட்டமையோடு மூன்றாவது அதிகாரமையம் தோன்றியது. இம்மேசைச் சூழல்கள் பயன்படுத்துவோரின் விருப்பத்தைத் தாமே கேட்டறிந்து, திரையைத் தாமே ஆளத் தலைப்பட்டன. அதேவேளை கணினியிற் திரைப்படம் பார்க்கும் வழக்கமும் பரவியது. இரண்டு மணிநேரம் விசைப்பலகையைத் தொடாதிருப்பவர் உண்மையில் திரையையே நோக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கடிகாரம் அறியாது. எனவே ‘இப்போது உறங்கவைக்க வேண்டாம்’ என நிரல்கள் மேசைச் சூழலிடம் வேண்டுகோள் விடுக்கும் முறை வகுக்கப்பட்டது.

இம்முறையின் குறைபாடு அதன் இயல்பிலேயே உள்ளது. வேண்டுகோளை விடுத்த நிரல் அதனை மீளப்பெற மறந்தால் திரை ஒருபோதும் உறங்காது. பின்னணியில் ஓசையின்றி ஓடும் ஓர் இணையப் பக்கமே இரவு முழுவதும் திரையை விழிக்கவைக்கப் போதுமானது. மறுதலையாக, விளையாட்டுப் பிடியின் அசைவை எக்ஸ் முறைமை பயனரின் செயலாகக் கணக்கிடுவதில்லை. ஆதலால் நிரல் வேண்டுகோள் விடுக்காவிடின் விளையாட்டின் நடுவிலேயே திரை இருண்டுவிடும்.

கருநிரலும் வடமும்

விழிக்காத திரையின் காரணங்களை அறிய மேலும் கீழிறங்க வேண்டியுள்ளது. நெடுங்காலமாக வரைகலை அட்டையை எக்ஸ் சேவையகமே நேரடியாக இயக்கிவந்தது. அட்டை எந்நிலையில் உள்ளதென்பதைக் கருநிரல் முழுமையாக அறிந்திருக்கவில்லை. கணினி முழுவதும் உறங்கி எழும்போது அட்டையைப் பழைய நிலைக்குக் கொணரும் பொறுப்பு இருவருக்குமிடையே சிதறிக் கிடந்தது. 2009 மார்ச்சில் வெளியான 2.6.29ஆம் பதிப்பில், முதலில் இன்ரெல் நிறுவன அட்டைகளுக்கென, திரையின் நிலையை அமைக்கும் பொறுப்புக் கருநிரலுக்கு மாற்றப்பட்டது. திரை வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை எனலாம்.

ஆயின் அதற்குள் வடமும் மாறிவிட்டது. 1999இல் டி.வி.ஐ., 2002இல் எச்.டி.எம்.ஐ., 2006இல் டிஸ்பிளேபோர்ட் என எண்ணிம இணைப்புகள் அடுத்தடுத்து வந்தன. சமிக்ஞையை நிறுத்துவதும் தொடங்குவதுமாயிருந்த பழைய ஏற்பாட்டின் இடத்தில் இரு கருவிகளுக்கிடையேயான உரையாடல் ஏற்பட்டது. திரை தான் இணைக்கப்பட்டிருப்பதைத் தனியொரு கம்பி வழியே அறிவிக்கும். தன் இயல்புகளைத் தெரிவிக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் இணைப்பின் வேகத்தை இருபுறத்தினரும் ஒவ்வொரு முறையும் புதிதாக உறுதிசெய்ய வேண்டும். அவ்வுறுதிப்பாடு தவறினால் கணினி விழித்தும் திரை இருண்டே கிடக்கும்.

இன்னொரு முரண்பாடும் இங்கு தோன்றியது. சில திரைகள் ஆழ்ந்து உறங்கும்போது தமது இருப்பை அறிவிக்கும் சமிக்ஞையையும் நிறுத்திவிடுகின்றன. திரை பிடுங்கப்பட்டதெனக் கணினி முடிவுசெய்து, சாளரங்களை வேறு திரைக்கு நகர்த்தி, அமைப்பை மாற்றுகின்றது. அம்மாற்றமே திரைகளை மீண்டும் எழுப்பிவிடக்கூடும். உறங்கிய மறுகணமே விழிக்கும் திரையின் மர்மம் பெரும்பாலும் இதுவே. மின்சக்தியைச் சேமிக்கத் திரை மேற்கொண்ட கூடுதல் முயற்சியே உறக்கத்தைக் கெடுப்பது நகைமுரணாகும்.

பழைய அறிவுரையும் புதிய சூழலும்

2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் எனும் நெறிமுறை, எக்ஸ் சேவையகத்தின் இடத்தை மேசைச் சூழலுக்கே அளித்தது. அதில் திரையை ஆள்வது சாளரங்களை ஒருங்கிணைக்கும் நிரலேயாகும். எக்ஸ் காலத்து ‘எக்ஸ்செட்’ எனும் கட்டளை அங்கு திரையின் உறக்கத்தை ஆளமாட்டாது. ஆயினும் அக்கட்டளையைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகள் இன்றும் கையளிக்கப்படுகின்றன. அவை பொய்யானவையல்ல, தம் காலத்துக்கு உண்மையானவை. ஆவணமொன்று எக்காலத்தது, எச்சூழலுக்குரியது என்று வினவாமல் அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது வரலாற்று மாணவர் நன்கறிந்த விதி. அவ்விதி இங்கும் பொருந்துகின்றது.

மேற்கூறிய வரலாற்றிலிருந்து கோளாற்றை ஆராயும் ஒழுங்குமுறை தானே பெறப்படும். முதலில் அறிய வேண்டியது கணினியில் இயங்குவது எக்ஸா, வேலண்டா என்பது. அடுத்து, கடிகாரத்துக்குக் காத்திராமல் கட்டளையால் திரையை உறங்கவைத்துப் பார்த்தல் வேண்டும். அது உறங்கி நன்கு விழித்தால் வடமும் அட்டையும் குற்றமற்றவை. கோளாறு கடிகாரத்திலோ தடைவேண்டுகோளிலோ உள்ளது. உடனே விழித்தால், அதிர்வுறும் சுட்டியோ, இருப்புச் சமிக்ஞையை இழக்கும் திரையோ காரணமாகலாம். திரையின் சொந்தப் பட்டியலில் ஆழ்ந்த உறக்கத்தையும் தானே உள்ளீடு தேடுவதையும் நிறுத்திப் பார்ப்பது பயன்தரும். விழிக்காவிடின், வலையமைப்பினூடாக வேறொரு கணினியிலிருந்து உட்புக முயல வேண்டும். உட்புக முடிந்தால் கணினி உயிரோடிருக்கின்றது, அதன் நிகழ்ச்சிப் பதிவேட்டைப் படிக்கலாம், எழுத்தும் தப்பும். அதன் பின்னரே வடத்தை மாற்றுவதும் முந்திய கருநிரற் பதிப்பைக்கொண்டு ஒப்பிடுவதும் பொருத்தமாகும். அனைத்தையும் ஒரேவேளையில் மாற்றுபவர் திரையைச் சீராக்கினாலும் காரணத்தை அறியமாட்டார்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி சாத்தியமாவதற்கு அடிப்படைக் காரணம் லினக்ஸின் மூலநிரலும் பதிவேடுகளும் யாவர்க்கும் திறந்திருத்தலேயாகும். எங்கு நிரல் மூடப்பட்டுள்ளதோ அங்கு விசாரணை நின்றுவிடுகின்றது. என்விடியா நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் வரைகலை அட்டைகளின் கருநிரற் கூறுகளது மூலத்தை வெளியிட்டமை இந்நோக்கிற் குறிப்பிடத்தக்கது. ஆனால் திரையினுள்ளே பதிந்துள்ள நிரல் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றது. உறங்க மறுக்கும் திரை மின்சாரத்தை வீணாக்குகின்றது. விழிக்க மறுக்கும் திரை பழுதற்றதாயிருந்தும் குப்பைக்குச் செல்கின்றது. இவ்விரு இழப்புகளையும் சுமப்பவர் பயன்படுத்துவோரே.

ஒளியுமிழ் சேதன இருவாயித் திரைகளின் வருகையால் உருவச் சுவடு பதியும் அச்சமும் மீண்டுள்ளது. மின்சக்திக்காக அமைந்த கடிகாரம் 1983இன் பழைய பணியையும் மீண்டும் ஏற்கவேண்டியதாயிற்று. எனவே படிவுகள் இனியும் கூடுமேயன்றிக் குறையமாட்டா. கோளாற்றைத் தனியொரு குற்றவாளியின் செயலாகக் கொள்ளாமல், யார் உறங்கச் சொன்னார், யார் தடுத்தார், யார் எழுப்பத் தவறினார் என்று படிப்படியாக வினவுவோருக்கே அது புலனாகும். அவ்வினாக்களை எழுப்புவதற்குப் பயன்படுத்துவோருக்குள்ள உரிமையே திறந்த மென்பொருளின் மெய்யான பயன் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும் உண்மையாகும்.