சாந்தமான பிள்ளை யாருக்கு வேண்டும்?

வலிப்பு வந்த குழந்தையின் வீட்டில் இரண்டு பேச்சு நடக்கும். ஒன்று ஃபிட்ஸைப் பற்றி: எத்தனை நிமிஷம், நுரை தள்ளியதா, கையில் இரும்புச் சாவி கொடுத்தார்களா. இன்னொன்று, உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு தாழ்ந்த குரலில் நடப்பது. "ஃபிட்ஸாவது எப்பவோ ஒருதடவை வருது. அடம், கடிக்கிறது, ராத்திரி தூங்காம கத்துறது எல்லாம் தினமும்ல." இந்த இரண்டாவது பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று சென்னையிலேயே நடந்தது.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பக்கத்திலிருக்கும் திருவேற்காட்டிலிருந்து தொடங்கலாம். அந்தத் தலத்தைப் பாடிய சம்பந்தர்தான், கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் என்ற நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். முயலகன் என்பது வலிப்புதான் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். நடராசரின் காலடியில் கிடப்பவனுக்கும் அதே பெயர். கதையில் அந்தப் பெண் மயங்கிக் கிடக்கிறாள், பிறகு எழுகிறாள். நடுவிலிருந்த நாட்களில் அவள் பயந்தாளா, எரிந்து விழுந்தாளா என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை.

இனி சென்னைக்கு வருவோம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் பிடித்தால் சென்ட்ரல், எதிரிலேயே ஜி.ஹெச். அங்கே 1950ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்ரமணியமும் டி.எஸ். கனகாவும் ஒரு புது அறுவையில் இறங்கினார்கள். மூளையின் பொட்டுப் பகுதிக்குள் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. பயத்துக்கும் கோபத்துக்கும் அதில் பங்குண்டு. தலையில் சட்டம் பொருத்தி, இடத்தை அளந்து, மெல்லிய கருவியைச் செலுத்தி அந்தப் பகுதியைச் சிதைப்பார்கள். டோக்கியோவில் நரபயாஷி 1963லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். சென்னைக் குழு இதற்கு வைத்த பெயர் 'அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை'. நோயாளிகளில் குழந்தைகள் நிறைய. வலிப்போ மூளைக்காய்ச்சலோ வந்துபோனபின் ஓயாமல் ஓடி, அடித்து, உடைத்துக்கொண்டிருந்தவர்கள்.

1970ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் முடிவுகளைத் தரம் பிரித்திருந்தார்கள். மருந்தே இல்லாமல் மற்றவர்களோடு பழக முடிந்தால் முதல் தரம். அடங்கியிருந்து எப்போதாவது மட்டும் வெடித்தால் அடுத்தது. மருந்தோடு சமாளிக்க முடிந்தால் அதற்கும் அடுத்தது. 1988ல் ராமமூர்த்தி எழுதியபோது இந்த அமிக்டலா அறுவை 481 பேருக்கு நடந்திருந்தது. பெரும்பாலானோரிடம் முன்னேற்றம் என்றே அவர் பதிவுசெய்தார்.

அந்த டாக்டர்களைக் கொடியவர்களாக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அன்றைய பெற்றோருக்கு வேறு என்ன இருந்தது? வீட்டுக்குள் கட்டிவைக்கலாம், இல்லாவிட்டால் கீழ்ப்பாக்கம். ஆனாலும் அந்த அளவுகோலைக் கவனியுங்கள். 'அடங்கியிருப்பது', 'சமாளிக்க முடிவது' எல்லாம் பார்த்துக்கொள்பவரின் சிரமத்தை அளக்கிற சொற்கள். குழந்தைக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை அவை அளக்கவில்லை.

அதே 1970ல் இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டரும் சகாக்களும் வைட் தீவின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுச் சேர்த்த கணக்கு அது. மனநலச் சிக்கல் பொதுவாக 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேறு மூளைப் பாதிப்பு இல்லாமல் வலிப்பு மட்டும் உள்ளவர்களிடம் 28.6 சதவீதம். மூளைப் பாதிப்போடு வலிப்பும் சேர்ந்தவர்களிடம் 58.3. மூளையைத் தொடாத நீண்டநாள் நோய் உள்ள பிள்ளைகளிடம் இவ்வளவு இல்லை. ஆக, நோயாளிக் குழந்தை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்ததுதான் காரணம் என்று அம்மாவைக் கைகாட்டிவிட முடியாது.

2001ல் அமெரிக்காவில் ஜோன் ஆஸ்டினின் குழு இன்னும் ஒருபடி போனது. முதல் வலிப்பு அப்போதுதான் கண்டறியப்பட்ட, 4 முதல் 14 வயதுள்ள 224 பிள்ளைகளின் முந்தைய ஆறு மாதங்களை விசாரித்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினரிடம் நடத்தைச் சிக்கல் முன்பே இருந்தது. வலிப்பும் முரண்டும் ஒரே மூளைக் கோளாறிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது இதிலிருந்து வந்த எண்ணம்.

மாத்திரை? அதன்மேல் சந்தேகப்படுவதிலும் நியாயம் உண்டு. காய்ச்சல் வலிப்பு வந்த சிறு குழந்தைகளுக்குத் தினமும் ஃபீனோபார்பிடோன் கொடுத்துப் பார்த்த 1990 அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டில் அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 8 புள்ளி குறைந்து நின்றது. அதே மருந்தை மேற்குவங்கக் கிராமங்களில் வலிப்புநோய் உள்ள 94 பிள்ளைகளிடம் ஃபெனிடாயினோடு ஒப்பிட்டு 1998ல் வந்த ஆய்வில், நடத்தைச் சிக்கல் கூடுதலாகத் தெரியவில்லை. இன்று பரவலாகத் தரப்படும் லெவெடிரசெடம் சில குழந்தைகளைச் சிடுசிடுப்பாக்குவது டாக்டர்கள் அறிந்ததுதான். அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் மட்டும் ஃபிட்ஸ் விடாமல் தொடரும் ஆபத்து இருக்கிறது.

இப்போது யாரும் கோபக்காரக் குழந்தையை முதலில் அறுவைக்கு அனுப்புவதில்லை. ஆனால் ஓ.பி.யில் கேட்கப்படுவது பெரும்பாலும் பழைய கேள்விதான்: "ஃபிட்ஸ் வந்துச்சா?" இல்லை என்றால் மாத்திரைச் சீட்டு, அடுத்த டோக்கன். தூக்கம் எப்படி, எதற்குப் பயப்படுகிறான், பள்ளியில் தனியாக உட்காருகிறானா, புது மாத்திரைக்குப் பிறகு என்ன மாறியது — இவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் அம்மா சொல்லலாம். தாழ்ந்த குரலில் சொல்லவேண்டிய விஷயமில்லை அது, ஃபிட்ஸ் போலவே அதுவும் நோயின் பகுதி.