பல்புக்குப் போகும் வழி

பாரி கம்பெனி இயக்குநர் யார்க் 1901 வாக்கில் அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து (காரின் பெயரல்ல, பங்களாவின் பெயர்) பாரிமுனைக்குத் தினமும் காரில் போய்வந்தார் என்று மதராஸ் வரலாற்றில் ஒரு குறிப்பு உண்டு. அந்தக் காலத்துக் கார்களின் முன்விளக்கில் பல்பே கிடையாது. எண்ணெய்த் திரி, அல்லது கார்பைடு. மாங்காயைப் பழுக்க வைக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். மேலறைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழ, அசெட்டிலின் வாயு கிளம்பும்; தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். பூண்டு நாற்றம் பிடித்த வேலை. ஆனாலும் விளக்கு வண்டிக்கு வெளியே தனியாக நின்றது. எந்தப் பக்கமிருந்தும் கை போகும்.

1912-இல் காடிலாக் நிறுவனம் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒரே காரில் கொண்டுவந்த பிறகு தீப்பெட்டிக்கு வேலை போனது. பல்பு வந்தது. அதை மாற்றுவது அப்போதும் பெரிய வித்தையாக இல்லை.

மயிலாப்பூர் வக்கீல்களும் தி. நகர் டாக்டர்களும் ஓட்டிய அம்பாசிடரில் வட்ட விளக்கு. நிக்கல் வளையத்தைக் கழற்றினால் முன்பக்கமாகவே கையோடு வந்துவிடும். வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் தாராளம்: பானெட் மட்டுமல்ல, இருபக்க மட்கார்டும் சேர்ந்து வண்டியின் மூக்கே முன்னால் கவிழும். ஹெட்லைட்டின் முதுகு வெட்டவெளிக்கு வந்துவிடும். பழுது பார்ப்பவனை மனத்தில் வைத்து வரைந்த கார் அது என்று தாராளமாகச் சொல்லலாம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வந்தன. அந்தத் தலைமுறைக் கார்களில் விளக்கு, வண்டியின் முகத்தோடு வளைந்து ஒட்டிக்கொண்டது. மெக்கானிக்குகள் அதை டூம் என்பார்கள். பின்னால் பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, குழாய்கள் என்று ஒரே நெரிசல். கை பாதிதான் நுழையும், கண் நுழையவே நுழையாது. கப்ளரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பைத் தடவித் தடவியே விடுவிக்க வேண்டும். சிலர் பேட்டரியைக் கழற்றி வழி செய்வார்கள். சில கார்களில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பை விலக்கினால்தான் பல்பு தட்டுப்படும்.

இவ்வளவு பாடுபட்டவர் புதுப் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் போச்சு. ஐரோப்பாவில் 1971-இல் வந்த எச்-4 போன்ற ஹாலஜன் பல்புகள் கடுமையாகச் சூடேறுபவை; விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து, பல்பு சீக்கிரமே போய்விடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகளில் பல்பு வாங்கி, “அண்ணே, நீங்களே மாட்டிக் கொடுத்துடுங்களேன்” என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. துணியால் பிடித்து, பார்க்காமலே மாட்டும் கைகள் அங்கே உண்டு.

எல்.இ.டி. விளக்குள்ள பல கார்களில் மாற்றுவதற்குத் தனிப் பல்பே இல்லை. கெட்டால் டூமோடு மாற்றச் சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் அதன் விலையைக் கேட்டவர்களில் சிலர், நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய நல்ல டூம் கிடைக்குமா என்று புதுப்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்.