விபத்து நட்டஈடும் திரைவழி விசாரணையும்: இழக்கக் கூடாத இரண்டு வருடங்கள்

வீதி விபத்திலோ வைத்தியக் கவனயீனத்தாலோ குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்கள், விதி என்று சொல்லிப் பொலிஸ் நிலையத்திலேயே விடயத்தை முடித்துக்கொள்வது நம்மிடையே வழமை. சட்டம் தரும் உரிமையை அறியாததே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இலங்கையில் உடற்காயத்துக்கான நட்டஈடு உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது. எதிராளியின் கவனயீனத்தையும், அதனாலேயே பாதிப்பு ஏற்பட்டது என்பதையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். பேராசிரியை பிரியானி சொய்சா வழக்கில் இது தெளிவானது. சிறு பிள்ளையொன்றின் மரணம் தொடர்பில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், மரணத்துக்குக் கவனயீனமே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி அதனையும் நீக்கியது. பிள்ளையை இழந்த மனவேதனைக்கு நட்டஈடு கோர அன்றைய சட்டத்தில் இடமில்லை என்பதும் உறுதியானது. உழைக்கும் வயதை அடையாத பிள்ளையின் உயிருக்கு, பணக் கணக்கில் பெறுமதியே இல்லை என்ற நிலை அது.

2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க, ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடல் சட்டம் இந்நிலையை மாற்றியது. வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர் போன்றோர் அன்பையும் பராமரிப்பையும் இழந்தமைக்காகவும் நட்டஈடு கோரலாம்.

கொவிட் காலத்தில் 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம், தொலைத்தொடர்புத் தொழில்நுட்பத்தின் மூலம் நீதிமன்ற நடவடிக்கைகளை நடத்த வழிசெய்தது. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் ஒலி, ஒளி இணைப்பில் சாட்சியமளிக்கும் வாய்ப்பு 2015 இலேயே வந்தது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. இதனால் விபத்து வழக்கு முழுவதையும் வீட்டிலிருந்தே நடத்தலாம் என எண்ணிவிடக் கூடாது. வைத்திய அறிக்கைகளை முன்வைத்தல், குறுக்கு விசாரணை என்பனவே இவ்வழக்குகளைத் தீர்மானிக்கின்றன. கணினியும் நல்ல இணைய வசதியும் இல்லாத தரப்பினர் திரைவழி விசாரணையில் பின்தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலானது காலவிதிப்பு. வழக்கெழு காரணம் ஏற்பட்டு இரண்டு வருடங்களுக்குள் நட்டஈட்டு வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்திய அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள், எதிர்வாகனத்தின் காப்புறுதி விபரம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு உடனே சட்டத்தரணியை நாடுங்கள். கட்டணம் செலுத்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். சமரசக் கடிதத்தில் கையொப்பமிடுவதானால், அதற்கு முன்னர் ஆலோசனை பெறுங்கள்.